வெயிலூரில் வெயில் கேட்கிறோம்

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் தோல் தொழில் வட்டாரத்தில் நெடுநாள் நோயோடு வாழ்பவர்களின் கோரிக்கைச் சாசனம்

மூன்று மாவட்ட ஆட்சியர்களுக்கும், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கும், தோல் மற்றும் காலணித் தொழிற்சாலை உரிமையாளர்களுக்கும், மருத்துவமனை நிர்வாகங்களுக்கும், வேலூர் மாநகராட்சிக்கும், ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, குடியாத்தம், மேல்விஷாரம், இராணிப்பேட்டை நகராட்சிகளுக்கும்.

சித்திரை பிறந்தால் எங்கள் ஊருக்குப் பெயர் மாறிவிடும். வேலூரை வெயிலூர் என்று பத்திரிகைக்காரர்கள் எழுதுவார்கள். தொலைக்காட்சியில் தார்ச்சாலை மேல் கானல் ஓடுவதைக் காட்டுவார்கள். நீரில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை, மரமில்லாத மலை என்று வேலூரைப் பற்றி ஒரு பழைய பட்டியல் உண்டு. சாமியில்லாத கோயில் என்பதும் அதில் இருந்தது. 1981இல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்பி வந்ததும் அந்த ஒன்று கழிந்தது. காலியான இடத்தில் நாங்கள் ஒன்றைச் சேர்க்கிறோம்: வெயில் படாத உடம்பு.

நாங்கள் யார் என்று கேட்டால், ஷூ கம்பெனிகளில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைப்பவர்கள். தோல் பதனிடும் டேனரியில் ஈரத்தோல் தூக்கி இடுப்பு போனவர்கள். வீட்டிலேயே உட்கார்ந்து ஜோடிக்கு இவ்வளவு என்று கூலிக்குத் தைப்பவர்கள். வாரத்தில் 2 நாளோ 3 நாளோ டயாலிசிஸுக்குப் போய்வருபவர்கள். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, மூட்டுவாதம், ஆஸ்துமா, காசநோய், மனச்சோர்வு என்று ஆளுக்கு ஒரு மாத்திரை டப்பாவும் ஒரு ஃபைலும் சுமப்பவர்கள். இதை எழுதித் தரும் ஆளுக்கும் 11 வருடமாகச் சர்க்கரை.

ஷூ கம்பெனிக்குப் போகும் ஒரு பெண்ணின் நாளைப் பாருங்கள். இருட்டில் எழுந்து சமைத்து, பிள்ளைகளுக்கும் தனக்கும் டப்பா கட்டி, ஊர் முனையில் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிறார். அப்போது சூரியன் ஏலகிரிப் பக்கத்து மரங்களுக்கு மேல் வந்திருந்தால் அதிகம். உள்ளே போனபின் டியூப் லைட்தான். சாப்பாட்டு நேரத்தில் கேன்டீன் வரிசை, கழிப்பறை வரிசை, மறுபடியும் லைன். சாயங்காலம் பஸ் அவரை இறக்கிவிடும்போது தெருவிளக்கு எரிகிறது. அவருடைய அம்மா நிலக்கடலை வயலில் களை எடுத்தவர், வெயிலைத் திட்டியே வாழ்ந்தவர். மகள் வெயிலைப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போடும்போது. 40 வயதில் முழங்கால் வலி, இடுப்பு வலி, தூக்கமின்மை என்று டாக்டரிடம் போகிறார். ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். வைட்டமின் டி குறைவு, தினமும் வெயிலில் நில்லுங்கள் என்று சொல்லி அனுப்புகிறார்கள்.

எந்த வெயிலில் நிற்பது? எப்போது? யாரிடம் கேட்டுக்கொண்டு?

வெயில் இலவசம் என்று டாக்டரும் சொல்கிறார், வாட்ஸாப்பும் சொல்கிறது. அதில் நிற்கும் நேரத்துக்கு மட்டும் கூலி பிடித்துக்கொள்கிறார்கள். நிற்கும் இடத்தின் கேட்டுக்கு வாட்ச்மேன் இருக்கிறார். மொட்டை மாடிக்குப் பூட்டு இருக்கிறது. ஆகவே இதை நல்ல பழக்கம் என்று நோயாளியின் தலையில் மட்டும் கட்டுவதை நாங்கள் ஏற்கவில்லை. நேரமும் இடமும் யார் கையில் இருக்கிறதோ அவர்களிடம்தான் கேட்கிறோம்.

வெயிலின் அளவு இந்த வட்டாரத்துக்குப் புதிதாகக் கற்றுத்தர வேண்டிய விஷயமில்லை. தோல் காயவைத்த எந்தப் பெரியவரையும் கேளுங்கள். அடிக்கிற வெயிலில் அப்படியே போட்டால் தோல் விறைத்து மரப்பலகை ஆகிவிடும். ஈரத்தோடு மூலையில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். எந்த மாதம் முற்றத்தில், எந்த மாதம் காற்றோடும் மாடியில், எத்தனை நாழிகைக்கு ஒருமுறை திருப்பிப் போடுவது என்று கணக்கு வைத்திருந்தார்கள். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட காலத்திலிருந்து வந்த கணக்கு அது. இன்று யந்திரங்கள் காயவைக்கின்றன, அது வேறு கதை. ஆட்டுத் தோலுக்கும் மாட்டுத் தோலுக்கும் இத்தனை பார்த்துப் பார்த்துச் செய்த ஊரில், அதைத் தூக்கிச் சுமந்த ஆளின் தோலுக்கு எவ்வளவு வெயில் வேண்டும் என்று யாரும் கணக்குப் போடவில்லை.

போட்டுப் பார்ப்போம். மனிதத் தோலில் கொழுப்பின் உறவான ஒரு பொருள் இருக்கிறது. புற ஊதாக் கதிர்களில் ஒரு பகுதி, பி வகைக் கதிர், அதன்மேல் பட்டால் அது வைட்டமின் டி ஆக மாறத் தொடங்கும். பிறகு கல்லீரலில் ஒரு மாற்றம், சிறுநீரகத்தில் ஒரு மாற்றம், அதன்பின்தான் உடம்புக்கு உதவும். எலும்பில் சுண்ணாம்புச் சத்து சேர இது வேண்டும். பி கதிர் சாதாரணக் கண்ணாடியைத் தாண்டி வராது. சூரியன் சாய்ந்திருக்கும்போது காற்று மண்டலத்திலேயே பெரும்பாலும் தங்கிவிடும். ஆகவே காலை 7 மணி இளவெயில் இதமானது, கண்ணுக்கு நல்லது, ஆனால் வைட்டமின் டி கணக்கில் அதற்குப் பெரிய வரவு இல்லை. நம் பக்கத்து ஊரான திருப்பதியில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அந்தப் பொருளைக் குப்பிகளில் எடுத்து மணிக்கு மணி வெயிலில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். காலை 11 மணியிலிருந்து பிற்பகல் 2 மணி வரைதான் மாற்றம் நன்றாக நடந்தது. திருப்பதிக்கும் வேலூருக்கும் அட்சரேகையில் ஒரு டிகிரிகூட வித்தியாசமில்லை. அங்கே அடிக்கும் வெயில்தான் இங்கேயும் அடிக்கிறது.

கடிகாரம் இல்லாதவர்கள் நிழலைப் பார்க்கலாம். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரம்தான் அந்த நேரம். மார்கழி நடுப்பகலிலும் வேலூரில் நிழல் நம் உயரத்தின் முக்கால் பங்குக்குள் அடங்கிவிடும். குளிர்காலத்தில் மாதக்கணக்காக இந்த வெயிலே கிடைக்காத ஐரோப்பியர்களுக்குத்தான் நம் ஊர் ஷூ போகிறது. அவர்களுக்கு இல்லாதது நமக்கு வருடம் முழுக்க இருக்கிறது. அந்த 3 மணி நேரமும் நாம் கூரைக்கு அடியில்.

வெயிலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது தோல் வழியாக நடப்பதில்லை, கண் வழியாக நடக்கிறது. வெளிச்சத்தை லக்ஸ் என்று அளப்பார்கள். தொழிற்கூடத்தில் நல்ல விளக்கு என்றால் 300, 500 லக்ஸ் இருக்கும். மேகம் மூடிய நாளில்கூட வெளியே சில ஆயிரம் லக்ஸ், வெயில் அடித்தால் லட்சத்தைத் தொடும். பகல் வெளிச்சம் கண்ணில் படும்போது மூளையில் இருக்கும் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்ததுபோல. இரவில் தூக்கம் வருவதும் காலையில் மனம் எழுவதும் அதைப் பொறுத்தது. இந்த வேலைக்குக் காலை வெளிச்சமே சிறந்தது. மரநிழலில் உட்கார்ந்தாலும் போதும், சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. நாள்பட்ட வலியோடும் மனச்சோர்வோடும் இருப்பவர்களுக்கு ஒரு வேளை நல்ல தூக்கம் என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை.

இதையெல்லாம் ஒரு காலத்தில் மருத்துவம் பெரிதாக நம்பியது. தோலில் வரும் காசநோய்க்கு ஒளியால் சிகிச்சை செய்ததற்காக நீல்ஸ் ஃபின்சென் என்ற டென்மார்க் மருத்துவருக்கு 1903இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். சித்தூரைத் தாண்டினால் மதனப்பள்ளி. அதன் அருகே ஆரோக்கியவரம் காசநோய்ச் சானடோரியம் 1915இல் திறந்தது. 1928இல் டாக்டர் டேவிட் சவுரிமுத்து தாம்பரத்தில் ஒன்றைத் தொடங்கினார். திறந்த வராந்தாக்கள், வரிசையாகக் கட்டில்கள், காற்று, வெளிச்சம், ஓய்வு. மருந்தில்லாத காலத்தில் கையில் இருந்தது அவ்வளவுதான். பலர் பிழைத்தார்கள், பலர் அந்த வராந்தாவிலேயே இறந்தார்கள். பிறகு மருந்து வந்தது. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம், சானடோரியத்தில் படுத்தவர்களுக்கும் வீட்டிலேயே மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் குணமாவதில் வித்தியாசமில்லை என்று 1959இல் காட்டியது. உலகமே அதைப் பின்பற்றியது. சரியான முடிவு. ஒருவரை வீட்டைவிட்டுப் பிரித்து வருடக்கணக்கில் கிடத்தும் கொடுமை அதோடு முடிந்தது. எங்கள் வருத்தம் ஒன்றுதான்: சானடோரியத்தை மூடியபோது வராந்தாவையும் சேர்த்து மூடிவிட்டார்கள். இப்போது கட்டும் ஆஸ்பத்திரிகளில் கண்ணாடிச் சுவர் இருக்கிறது, திண்ணை இல்லை.

நாங்கள் எதைச் சொல்லவில்லை என்பதையும் இங்கேயே எழுதிவிடுகிறோம். நாளை யாராவது எங்கள் பெயரில் வெயில் வைத்தியம் விற்கக் கூடாது.

வெயில் சர்க்கரையைக் குணமாக்காது. காசநோய் மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்த அது காரணமாகாது. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு மேலே சொன்ன கடைசி மாற்றம் சரியாக நடக்காது. ஆகவே எவ்வளவு வெயிலில் நின்றாலும் மருத்துவர் கொடுக்கும் மாத்திரைக்கு ஈடாகாது. அவர்கள் கேட்பது தூக்கத்துக்கும் மனசுக்குமான வெளிச்சம். லூபஸ் நோய் இருப்பவர்களுக்கு வெயில் எதிரி. நோயைத் தூண்டிவிடும். 1971இல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியான சி.எம்.சி.யில்தான் நடந்தது. மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழ்பவர்கள் சாப்பிடும் மருந்துகள் தோல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டக்கூடியவை. அவர்கள் உச்சி வெயிலை விலக்க வேண்டும். டாக்ஸிசைக்ளின், சில நீர் மாத்திரைகள், மனநல மருந்துகளில் குளோர்ப்ரோமசின் போன்றவை சாப்பிட்டால் கொஞ்ச வெயிலிலேயே தோல் வெந்துபோகும். லித்தியம் சாப்பிடுபவர் வியர்த்து நீர் வற்றினால் மருந்தே விஷமாகும். முதுகுத்தண்டு மேல்பகுதியில் அடிபட்டவர்களுக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்க்காது, உடம்புச் சூடு ஏறுவது தெரியாது. தோல் பதனிடும் குரோமியம் பட்டுப் பட்டுக் கையில் புண்ணாகிப்போன டேனரிக்காரரும் தோல் டாக்டரைக் கேட்காமல் வெயிலில் கையை நீட்ட வேண்டாம்.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. நல்லது. கொல்லும் வெயிலுக்கு அரசிடம் கணக்கு வந்துவிட்டது. நாங்கள் கேட்பது மீதி வெயிலின் கணக்கை.

கம்பெனி உரிமையாளர்களிடம்

ஐயா, ஒரு ஷிஃப்டுக்குள் வெளியே வர 20 நிமிடம். சாப்பாட்டு இடைவேளையில் பிடித்துக்கொள்ளாத, கூலி குறையாத, டார்கெட்டில் கழித்துக் கொடுக்கிற 20 நிமிடம். 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, அரை மணி நேரமாவது ஓய்வு விட வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. அந்த அரை மணி சாப்பிடவும் கை கழுவவுமே சரியாகிவிடுகிறது. எங்களுக்கு வேண்டியது அதற்கு மேல். ஐப்பசியிலிருந்து மாசி வரை அதை 11 மணிக்கும் 1 மணிக்கும் இடையில் விடுங்கள். பங்குனியிலிருந்து புரட்டாசி வரை காலை 10 மணிக்கு முன்பாக, மரத்தடியில், தண்ணீரோடு. அக்னி நட்சத்திரத்தில் வெளியே யாரையும் நிறுத்த வேண்டாம், நிழலில் உட்கார விட்டால் போதும். முதலில் டாக்டரிடம் வாங்கிய நெடுநாள் நோய்ச் சீட்டு உள்ளவர்களுக்குக் கொடுங்கள். ஆனால் சீட்டு உள்ளவர்கள் மட்டும் எழுந்து போனால், லைனில் எல்லோருக்கும் தெரியும் யாருக்கு என்ன என்று. காசநோய் முடிந்து திரும்பிய பெண்ணை அடுத்த மெஷின்காரி தள்ளி உட்காரச் சொல்லும் ஊர் இது. ஆகவே லைன் லைனாக எல்லோரையும் விடுவதுதான் மரியாதை.

உற்பத்தி குறையும் என்பீர்கள். 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். ஊழியர் உட்கார்ந்தால் வாடிக்கையாளர் என்ன நினைப்பார் என்று அதற்கு முன்பு வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். சட்டத்துக்குப் பிறகு எந்த ஜவுளிக்கடையும் மூடியதாக நாங்கள் கேள்விப்படவில்லை.

அடுத்தது ஜன்னல். வேலைக்கூடத்துக்கு வெளிச்சம் தரும் கண்ணாடி ஜன்னலையும் கூரைக் கண்ணாடியையும் உள்ளும் புறமும் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்பது அதே 1948 சட்டத்தின் 17ஆம் பிரிவு. சட்டத்தின் பெயரும் எண்ணும் இப்போது 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டத்துக்குள் போனாலும் ஜன்னல் அதே ஜன்னல்தான். பெயின்ட் அடித்து மறைத்ததைச் சுரண்டுங்கள், அட்டைப்பெட்டி அடுக்கியதை நகர்த்துங்கள். கண்ணாடி வழியாக வைட்டமின் டி வராது என்று மேலேயே சொல்லிவிட்டோம். வெளிச்சம் வரும், மழை பெய்கிறதா என்று தெரியும். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் ஆய்வாளர்கள் அடுத்த ஆய்வில் கம்பெனி கம்பெனியாக இந்த ஒன்றைப் பார்த்து எழுதட்டும்.

ஒரு சின்ன விஷயம், செலவில்லாதது: கம்பெனி வளாகத்தில் நல்ல வேப்ப மரமும் புங்க மரமும் இருக்கின்றன. பெரும்பாலும் அவற்றுக்கு அடியில் முதலாளி கார் நிற்கிறது.

வீட்டில் தைப்பவர்களுக்காக

அப்பர் மூட்டை வீட்டுக்கு வருகிறது, ஏஜென்ட் கொண்டுவந்து போடுகிறார், தைத்து முடித்ததை எடுத்துப்போகிறார். நடுவில் இருக்கும் பெண்ணுக்குக் கம்பெனி இல்லை, ஷிஃப்ட் இல்லை, ஈ.எஸ்.ஐ. காப்பீடு இல்லை. ஊசி தெரிய வெளிச்சம் வேண்டும் என்று வாசல்படியில்தான் உட்காருகிறார். தெரு இரண்டு முழம் அகலம் என்றால் வாசல்படியிலும் வெயில் விழாது. குனிந்த கழுத்து, மடக்கிய முழங்கால், ஒட்டும் சொல்யூஷன் வாசனை. இவர்களிடம் 20 நிமிடம் எழுந்து நில்லுங்கள் என்றால் அரை ஜோடி போச்சு என்பார்கள். அது நியாயமான பதில். ஆகவே ஜோடிக் கூலியை உயர்த்துங்கள் என்பதே இவர்களுக்கான வெயில் கோரிக்கை. தமிழ்நாட்டில் காலணி, தோல் பொருள் உற்பத்தித் தொழிலாளர்களுக்கும் தோல் பதனிடும் தொழிலாளர்களுக்கும் என்று ஒரு நல வாரியம் இருக்கிறது. வீட்டில் தைக்கும் ஒவ்வொருவரையும் அதில் தேடிப்போய்ப் பதிவு செய்யட்டும்.

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரத்தில் பர்தா அணியும் பெண்கள் பல ஆயிரம். அவர்கள் எப்படி உடுத்த வேண்டும் என்று சொல்ல நாங்கள் யாரும் இல்லை, வைட்டமின் பெயரைச் சொல்லி அந்தப் பேச்சைத் தொடங்குபவர்களும் எங்களோடு சேர வேண்டாம். பழைய வீடுகளில் முற்றம் இருந்தது, பெண்கள் மட்டும் இருக்கும் முற்றம். அதில் அப்பளமும் காய்ந்தது, தலைமுடியும் காய்ந்தது. வீட்டைப் பிரித்துப் பிரித்து அறையாக்கியதில் முற்றம் போய்விட்டது. நகராட்சிப் பூங்காக்களில் வாரத்தில் சில நாள் காலை 10லிருந்து 12 வரை பெண்களுக்கு மட்டும் என்று ஒதுக்குங்கள், மறைப்புச் சுவரோடு. வாடகை வீட்டுக்காரர்கள் மொட்டை மாடிச் சாவியைக் குடியிருப்பவர்களுக்கும் கொடுக்கட்டும். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் கட்டும் அடுக்ககங்களில் மேல்தளத்துக்குக் கைப்பிடிச் சுவரும், ஏறிப்போகச் சாய்தளமோ லிஃப்டோ, உட்கார நிழலும் வேண்டும்.

மருத்துவமனைகளிடம்

எங்கள் வட்டாரம் மருத்துவத்துக்குப் பேர்போனது. 1900இல் டாக்டர் ஐடா ஸ்கடர் ஒரு கட்டிலோடு தொடங்கிய சி.எம்.சி.க்கு இன்று வங்காளத்திலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் ஆட்கள் ரயிலேறி வருகிறார்கள். வந்தவர்கள் சிகிச்சைக்காக வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில் காந்தி ரோட்டையும் சுற்றுச் சந்துகளையும் அடைத்த லாட்ஜ்களில் தங்குகிறார்கள். வங்காள எழுத்தில் பலகை, உள்ளே ஒரு அடுப்பு, பல அறைகளில் ஜன்னல் திறந்தால் அடுத்த லாட்ஜின் சுவர். கீமோ முடித்தவரும் டயாலிசிஸ் முடித்தவரும் அந்த அறையில்தான் பகலைக் கழிக்கிறார்கள். அவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள் இல்லை, இந்தச் சாசனத்தைப் படிக்கவும் மாட்டார்கள். அவர்களுக்காகவும் கேட்கிறோம்: நோயாளிகளை நீண்ட நாள் தங்கவைக்கும் லாட்ஜ்களில் வெளிச்சமும் காற்றும் வரும் ஜன்னல் இல்லாத அறைக்கு மாநகராட்சி உரிமம் தரக்கூடாது. மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் 10 நாற்காலியும் ஒரு கீற்றுப் பந்தலும் போட எவ்வளவு ஆகிவிடும்?

மருத்துவர்களே, வெயிலில் நில்லுங்கள் என்று வாயால் சொல்லாமல் சீட்டில் எழுதுங்கள். இவருக்கு வெயில் ஆகும், ஆகாது. எந்த நேரம், எத்தனை நிமிடம், உடம்பின் எந்தப் பகுதி. சாப்பிடும் மாத்திரையில் எது வெயிலோடு ஒத்துவராது. எழுதி முத்திரை இட்டால்தான் சூப்பர்வைசர் நம்புவார். மாத்திரையின் பெயருக்கு இருக்கும் மரியாதை வெயிலுக்கும் கிடைக்கும்.

அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலும் வட்ட மருத்துவமனைகளிலும் படுக்கை நோயாளிகளை நாளுக்கு ஒருமுறை கட்டிலோடோ சக்கர நாற்காலியிலோ வெளியே கொண்டுவரும் ஏற்பாடு வேண்டும். இதற்கு முன்னுதாரணம் தேடி எங்கும் போக வேண்டாம். விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்த டாக்டர் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தவர். அவர் முயற்சியில் 1966இல் வேலூரில் புனர்வாழ்வு நிலையம் வந்தது. ஒரு படிக்கட்டு ஒருவரின் உலகத்தை எவ்வளவு சுருக்கும் என்று அறிந்த ஊர் இது. ஆனாலும் நம் தெருக்களில் சக்கர நாற்காலி இறங்கக்கூடிய வாசல்களை விரல்விட்டு எண்ணலாம்.

வேலூருக்குப் பக்கத்தில் இருக்கும் கரிகிரியையும் இங்கே சொல்ல வேண்டும். 1955இல் அங்கே தொடங்கிய தொழுநோய் நிலையமும், வேலூரில் டாக்டர் பால் பிராண்டும், உணர்வற்ற பாதங்களுக்கு மைக்ரோசெல்லுலார் ரப்பர் செருப்பை உருவாக்கிப் பரப்பினார்கள். எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று சர்க்கரை நோயாளிகள் கேட்டு வாங்குவது அதைத்தான். வெயிலில் நில் என்று சொல்லும்போது கால் மரத்த சர்க்கரைக்காரருக்குத் தரை சுடுவது தெரியாது. கோயில் பிராகாரத்தைச் சுற்றி வந்து, வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் உள்ளங்காலில் கொப்புளம். அந்தக் கொப்புளத்திலிருந்து ஒரு விரல் போகும், பிறகு கால் போகும். உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்பும் ஆம்பூரும் இராணிப்பேட்டையும் தங்கள் சர்க்கரை நோயாளித் தொழிலாளிக்கு வருடம் ஒரு ஜோடி எம்.சி.ஆர். செருப்பு கொடுக்க முடியாதா? இந்தச் சாசனத்தில் எங்களுக்கு மிகவும் பிடித்த கோரிக்கை இதுதான்.

அரசிடமும் நகராட்சிகளிடமும்

2023 நவம்பரில் அரசு எல்லா மாவட்டங்களிலும் நடப்போம் நலம் பெறுவோம் என்று 8 கிலோமீட்டர் நடைபாதை அமைத்தது. நடக்க முடிந்தவர்கள் நடக்கட்டும், வாழ்த்துகள். இதயம் பலவீனமானவருக்கும் மூச்சு வாங்குபவருக்கும் 8 கிலோமீட்டர் என்பது சென்னை தூரம். அவர்களுக்கு வேண்டியது 80 மீட்டரும் ஒரு பெஞ்சும். பாதி வெயில், பாதி நிழல் விழும்படி போட்ட பெஞ்ச், பக்கத்தில் குடிதண்ணீர், பூட்டாத கழிப்பறை. கழிப்பறையை ஏன் சேர்த்தோம் என்று நீர் மாத்திரை சாப்பிடும் யாரையும் கேளுங்கள். ஒவ்வொரு வார்டிலும் ஒரு இடம் போதும்.

எங்கே போடுவது என்பதில் கவனம் தேவை. எங்கள் வட்டாரத்தில் திறந்த வெளிக்குப் பஞ்சமில்லை, உட்காரக்கூடிய திறந்த வெளிதான் இல்லை. இராணிப்பேட்டையில் 1995 வாக்கில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவைக் குவித்துவிட்டுப் போனது. நல்ல வெயில் விழும் இடம்தான். பாலாற்றங்கரையில் காலை வெயிலில் உட்காரலாம் என்றால் கழிவுநீர் நாற்றம் விடாது. 1996 ஆகஸ்ட் 28 அன்று தோல் தொழிற்சாலைக் கழிவு குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தோல் பதனிடும் ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. பாலாறு மாசு குறித்து 2025 ஜனவரியில் மறுபடியும் அதே நீதிமன்றம் கடுமையாகப் பேச வேண்டியிருந்தது. ஏறக்குறைய 30 வருடம். இழப்பீட்டுக் கணக்கில் நிலமும் தண்ணீரும் இருக்கின்றன. வெளியே உட்கார்ந்து மூச்சுவிடும் இடத்தை இழந்ததும் இழப்புதான், அதையும் சேருங்கள். பெஞ்ச் போடும் முன் மண்ணைச் சோதித்து முடிவைப் பலகையில் எழுதி வையுங்கள்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 ஆகஸ்டிலிருந்து வீட்டுக்கே வந்து சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரை கொடுக்கிறார்கள். வரும் சகோதரிகளுக்கு எங்கள் நன்றி, அவர்கள் வந்தபின்தான் பலர் மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்றைக் கூட்டச் சொல்லுங்கள்: கடைசியாக எப்போது வெளியே வந்தீர்கள்? படுத்த படுக்கையாக இருப்பவரைத் திண்ணைக்குக் கொண்டுவர இரண்டு பேர் வேண்டும் என்றால், அந்த இரண்டாவது ஆளை ஏற்பாடு செய்வதும் மருத்துவம்தான்.

எங்கள் வீட்டாரிடம்

இதற்கு அரசாணை தேவையில்லை. நோய் வந்தவரைப் பின்கட்டு அறையில் வைக்கும் வழக்கத்தை விடுங்கள். காசநோய் மாத்திரை தொடங்கிவிட்டால் டாக்டர் சொன்ன நாளுக்குப் பிறகு அவர் வாசலில் உட்காரலாம். தொழுநோய் மருந்து சாப்பிடுபவரிடமிருந்து உங்களுக்குத் தொற்றாது. மனநோயாளியை மறைத்து வைத்தால் தங்கையின் கல்யாணம் நிற்காது என்று நினைக்கிறீர்கள், அவர் மட்டும் ஜன்னலைச் சாத்தியே வயதாகிறார். பொழுது விடிந்தால் முதலில் நாற்காலியை வாசலில் போடுங்கள்.

இந்தச் சாசனத்தை வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆட்சியர் அலுவலகங்களில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஒரே நேரத்தில் கொடுக்கிறோம். அங்கே வரிசை நீளம், காத்திருப்பு வெயிலில்தான். வருபவர்கள் மாத்திரையும் தண்ணீர் பாட்டிலும் செருப்பும் மறக்க வேண்டாம். வெயில் ஆகாத உடம்புக்காரர்கள் வரிசையில் நிற்க வேண்டாம், புங்க மரத்தடியில் உட்காருங்கள். கையெழுத்துத் தாளை அங்கே கொண்டுவருகிறோம்.